தூக்கம் வராதவருக்குக் கனவுப் பயிற்சி எதற்கு?

மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரின் தூக்கக் கணக்கு தானாகத் தெரிந்துவிடும். "அண்ணே, அல்பிரசோலம் ரெண்டே ரெண்டு குடுங்க, சீட்டு வீட்ல இருக்கு" என்பது பழைய பாட்டு. அண்மையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கல்லூரிப் பையன்களும் இரவுப்பணி பார்ப்பவர்களும் வந்து "கேலன்டமைன் இருக்கா?" என்கிறார்கள். அது அல்சைமர் என்னும் மறதிநோய்க்கு எழுதித்தரும் மாத்திரை. உனக்கு எதற்குத் தம்பி என்றால், "லூசிட் ட்ரீமிங் பழகுறேன்" என்று பதில் வருகிறது.

கனவு ஓடும்போதே 'இது கனவு' என்று தெரிந்திருப்பதுதான் லூசிட் ட்ரீமிங். தமிழில் தெளிகனவு எனலாம். இது கட்டுக்கதை இல்லை. முன்பே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்தே கண்களை இடவலமாக அசைத்துச் சைகை காட்ட முடியும் என்பதை 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்னும், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் ஆய்வகத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.

பயிற்சியோடு எனக்குச் சண்டை இல்லை. அதைப் பழக வருபவர்களில் பலர் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்கள் என்பதுதான் கவலை. "எப்படியும் முழிச்சுக்கிட்டுதானே கிடக்கேன், உருப்படியா ஒண்ணு கத்துக்கலாம்னு" என்றார் ஒருவர். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

படுத்து ஐந்து மணி நேரத்தில் அலாரம் வைத்து எழ வேண்டும், சற்று நேரம் விழித்திருக்க வேண்டும், 'அடுத்த கனவைக் கனவென்று அறிவேன்' என்று சொல்லிக்கொண்டே மறுபடி படுக்க வேண்டும் என்பது பரவலான முறை. கனவு மிகுந்த உறக்கம் விடியலுக்கு முந்தைய மணிகளில் கூடுதலாக இருப்பதால் இந்த ஏற்பாடு. நன்றாகத் தூங்குபவர் திரும்பப் படுத்ததும் தூங்கிவிடுவார். தூக்கமின்மை உள்ளவர் நாலு மணிக்கு எழுந்தால் அன்றைய இரவு அதோடு முடிந்தது. எந்தக் கனவுக்காக எழுந்தாரோ அதுவும் போச்சு. 'தூங்கினேனா, இல்லையா' என்று தன்னையே காவல் காப்பது தூக்கமின்மையை வளர்க்கும். அந்தக் காவல்காரனுக்கு இந்தப் பயிற்சி ஓவர்டைமும் கொடுக்கிறது.

ஆபத்து வேறும் உண்டு. குலைந்த தூக்கத்தில் 'அமுக்குவான் பேய்' எளிதாக வரும். விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதற்குப் பயந்தே படுக்கைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு உள்ளவர்கள் இந்த அலாரம் வேலையைத் தொடவே கூடாது. தூக்கம் குறைவதே நோயைக் கிளப்பிவிடும். கேலன்டமைன் குமட்டலைத் தரும், நாடித்துடிப்பைக் குறைக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

முதலில் ஒரு நோட்டு

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை. பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கிப் பதினான்கு நாள் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், இடையில் விழித்த தடவை, எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, டீ, மது, போட்ட மாத்திரை. காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். ராத்திரி கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

நோட்டோடும், பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகளோடும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் தலையை நிமிர்த்தாமல் வேறு பிரிவுக்கு எழுதிவிட்டால், அரைநாள் வரிசையில் நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறட்டை, தூக்கத்தில் மூச்சடைப்பு, கால் குடைச்சல் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது: "தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை, சி.பி.டி.-ஐ, இங்கே உண்டா?" நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை அதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்தது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவார்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே வரச் சொல்வார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழச் சொல்வார்கள். கெட்ட கனவை விரட்டத்தான் தெளிகனவு பழகுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். பகலில் விழித்திருக்கும்போதே கனவின் முடிவை மாற்றி ஒத்திகை பார்க்கும் சிகிச்சை இருக்கிறது. அதற்கு அலாரம் வேண்டாம். நேரில் போக முடியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். அது டெலி-மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்; 24 மணி நேரமும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

"மனநலப் பிரிவா, ஊர் என்ன சொல்லும்?" என்பவர்களுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து யாரையும் மனநோயாளி என்று முடிவு செய்துவிட முடியாது. சேவையில் குறையிருந்தால் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். பயனில்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதன் பிறகு மாநில மனநல ஆணையம். தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு, பில், பதிவேடு

அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடம் ஆகியவை 'எச்1' அட்டவணை மருந்துகள். எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில் மருத்துவர் கையெழுத்து, தேதி, உங்கள் பெயர், முகவரி, அளவு இருக்க வேண்டும். திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். சீட்டில்லாமல் இவற்றை நீட்டுபவர் உங்கள் நண்பர் இல்லை. அப்படி விற்கும் கடையைப் பற்றி மண்டல மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் பில்லோடு புகார் கொடுங்கள். பில் கேட்டு வாங்கும் பழக்கமே இல்லையென்றால் எதை வைத்துப் புகார் கொடுப்பீர்கள்?

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே போடும் மாத்திரையை இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் அல்பிரசோலம் போட்டவர் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

'தெளிகனவால் தூக்கமின்மை தீரும்' என்று வகுப்புக்குப் பணம் வாங்கினவர்கள் மேலும் வழி உண்டு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, குறுஞ்செய்திகளைச் சேர்த்துவையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

தூக்கம் சில மாதம் சீராக நின்ற பிறகு, ஆசையிருந்தால் தெளிகனவு பழகுங்கள். அதுவரை அலாரம் வேண்டாம்.

கேலன்டமைன் கேட்டு வருபவர்களுக்கு இப்போது நான் கொடுப்பது கட்டம் போட்ட ஒரு வெள்ளைத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நிரப்பிக் கொண்டுவந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்களாவது நிரப்புங்கள்.