மைசூருவில் மனை தேடும்போது உங்கள் பிரவுசரை எட்டிப் பார்ப்பது யார்?

பெங்களூருவில் வேலை, மைசூருவில் ஒரு சைட் வாங்கிப் போடலாமா என்று யோசிக்கிறீர்களா? மனை விளம்பரங்களைப் புரட்டும்போது உதவுவதற்கென்றே பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள விலையை எடுத்து, சதுர அடிக்கு எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவு, வாடகை எவ்வளவு வரும் என்று அங்கேயே காட்டிவிடும். வசதிதான். ஆனால், பதிலுக்கு அது உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?

எதையெல்லாம் பார்க்க முடியும்?

அது நீங்கள் கொடுக்கும் அனுமதியைப் பொறுத்தது. குரோமில் இன்ஸ்டால் செய்யும்போது, 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்க, மாற்ற' அனுமதி கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். ஓகே கொடுத்தால் மனை விளம்பரம் மட்டுமல்ல, அதே பிரவுசரில் திறக்கும் மெயில், நெட் பேங்கிங், வீட்டுக்கடன் விண்ணப்பம் என எல்லாவற்றையும் அதனால் படிக்க முடியும். இஎம்ஐ கணக்குப் போட இவ்வளவு எதுக்கு? உங்கள் பட்ஜெட்டும் கடன் தொகையும் விற்பவர் தரப்புக்குத் தெரிந்துவிட்டால், பேரம் பேச உங்களிடம் என்ன மிச்சம் இருக்கும்?

கூகுள் தடுக்காதா?

விதி இருக்கிறது. பயனர் தரவை டேட்டா புரோக்கர்களுக்கு விற்கக் கூடாது. ஒருவருக்குக் கடன் தரலாமா என்று முடிவு செய்யவும் பயன்படுத்தக் கூடாது. குரோம் வெப் ஸ்டோரில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனியுரிமை விவரம் உண்டு. ஆனால், அது டெவலப்பரே எழுதித் தரும் உறுதிமொழி.

டெவலப்பர் மாறினால்? 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற பிரபல எக்ஸ்டென்ஷன் 2020-ல் கைமாறியது. 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் நீக்கியது. ஏற்கெனவே கொடுத்த அனுமதி போதும் என்றால், அப்டேட் உங்களைக் கேட்காமலேயே வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. என்ன தரவு, எதற்காக என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். மீறினால் ரூ.250 கோடி வரை அபராதம். ஆனால், நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகின்றன.

அதுவரை?

• எக்ஸ்டென்ஷன் அமைப்புகளில், தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றுங்கள்.
• மனை தேடுவதற்குத் தனி பிரவுசர் புரொஃபைல் வையுங்கள். பேங்க் வேலை அதில் வேண்டாம்.
• வாங்கி முடித்ததும் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். சர்வரில் சேமித்த தரவையும் அழிக்கச் சொல்லி மெயில் அனுப்புங்கள்.
• வில்லங்கச் சான்றுக்கு காவேரி, விவசாய நிலப் பதிவுக்கு பூமி, லேஅவுட் பதிவைச் சரிபார்க்க கர்நாடக ரேரா: இந்த அரசுத் தளங்களை நேரடியாகவே பார்க்கலாம். இதற்கு எந்த எக்ஸ்டென்ஷனும் தேவையில்லை.