பானை ஓடும் குயவர் கையும்

நெய்த துணி நைந்து போகும். விளைந்த நெல் உண்டு தீரும். சுட்ட மண் மட்டும் உடைந்த பின்னரும் அழிவதில்லை. ஆதலின் பழைய ஊர்மேடு எதனைத் தோண்டினும் கூடை கூடையாக வெளிவருவது பானை ஓடே. சிவகங்கை மாவட்டத்துக் கீழடி அகழாய்வைக் குறித்துத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, கீறல் குறியீடுகள் உள்ள ஓடுகள் 1,001 என்றும், தமிழி எழுத்துகள் பொறித்தவை 56 என்றும் கூறுகிறது. அங்கே கிடைத்த தக்களிகளும் சுட்ட மண்ணாலானவை. நூற்ற நூல் மறைந்துவிட்டது; நூற்றவரைப் பற்றிச் சாட்சி சொல்ல மண் எஞ்சியிருக்கிறது. நெசவாளராகிய நம் உறுப்பினர்கள் குயவருக்குப் பட்டிருக்கும் கடன் இது.

ஆயினும் ஓடு தானாகப் பேசுவதில்லை. அதன் மொழியை அறிந்தவர் இன்றும் சக்கரம் சுற்றுகின்ற கிராமக் குயவரே. இதனை உணர்ந்து அறிஞர் பலர் குயவர் முற்றத்திற்கே சென்று அமர்ந்து கற்றனர். இந்தியக் கிராமங்களின் வனைதல் முறைகளைப் பற்றி சரஸ்வதி, பெகுரா ஆகிய இருவரும் எழுதிய ஆய்வு நூல் 1966இல் வெளிவந்தது.

ஒரு குடத்தை எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் சக்கரத்திலேயே உருவாகிறது என்று நகரத்தார் எண்ணுவர். சங்கப் பணியாக ஊர் ஊராகச் செல்லத் தொடங்கும் வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் சக்கரத்தில் அமைவது வாயும் கழுத்தும் தடித்த உடலுமே. அடிப்பாகம் திறந்திருக்கும். அதை நூலால் அறுத்தெடுத்து உலர வைப்பர். ஈரம் பாதி வற்றியபின், உள்ளே ஓர் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, மண்ணை மெல்லியதாக்கி அடியை மூடுவர். அதிகம் உலர்ந்தால் வெடிக்கும், உலராவிடில் தொய்யும். அந்தப் பதத்தை விரல்தான் அறியும். இவ்வாறு செய்த குடம் உடைந்தால், கழுத்தோட்டில் சக்கரம் சுழன்ற வரிகளும், வயிற்றோட்டின் உட்புறத்தில் கல் பதிந்த குழிகளும் காணப்படும். குயவர் வேலையைப் பாராத ஒருவர் இவ்விரு ஓடுகளையும் கண்டால், சக்கரம் அறிந்த மக்கள் ஒரு சாரார், அறியாத மக்கள் மற்றொரு சாரார் என இரண்டு கூட்டத்தாரை வரலாற்றில் புகுத்திவிடக்கூடும். இருந்ததோ ஒரே குயவர், ஒரே குடம்.

மண்ணிலும் இத்தகைய செய்தி உண்டு. தனிக்களி உலரும்போது சுருங்கிப் பிளக்கும். ஆகவே ஒட்டும் களியை ஓரிடத்திலும், மணற்பாங்கான மண்ணை வேறிடத்திலும் எடுத்துக் கலக்கும் குயவர் பலர். ஓட்டின் மண்ணை ஆய்வகத்தில் சோதிப்பவர் ஒரே ஏரியைத் தேடினால் ஏமாறுவார்.

ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி ஆகிய இடங்களில் கிடைக்கும் கருப்பு சிவப்புப் பாண்டம் உள்ளும் வாயோரமும் கறுத்தும், வெளியே சிவந்தும் இருக்கும். இது இருவேறு வண்ணம் தீட்டியதால் வந்ததன்று. களிமண்ணிலுள்ள இரும்பு, காற்றுப் படச் சுட்டால் சிவக்கும். காற்றின்றிப் புகையில் வெந்தால் கறுக்கும். பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே உமியோ தழையோ இட்டுச் சுட்டால் ஒரே சூட்டில் இரண்டும் அமையும் என்பர் சில அறிஞர். இருமுறை சுட்டிருக்க வேண்டும் என்பர் வேறு சிலர். விறகின் விலையறிந்த எவரும் ஒருமுறை சுட்டு முடிவதை இருமுறை சுடமாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சூளை என்பது எங்கும் கட்டிய கட்டடமன்று. பானைகளைத் தரையில் அடுக்கி, விறகும் வரட்டியும் வைக்கோலும் கொண்டு மூடி, மேலே சேறு பூசிக் கொளுத்துவர். பானைகளை எடுத்தபின் எஞ்சுவன சாம்பலும் கருகிய தரையுமே; நல்ல மழையில் அவையும் கலைந்துவிடும். சூளைச் சுவர் அகப்படவில்லை என்பதனால் அவ்வூரில் குயவர் இல்லை என்று தீர்ப்பளிக்க இயலாது.

ஓடுகளை எண்ணிக் கணக்கெழுதுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சோற்றுப்பானை நாள்தோறும் அடுப்பேறுவதால் விரைவில் விரிசல் காண்கிறது. தானியம் வைக்கும் பெரிய சால் மூலையில் அசையாதிருந்து தலைமுறை கடக்கிறது. பொங்கல்தோறும் புதுப்பானை வாங்கும் வழக்கத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். குப்பைமேட்டில் சால் ஓடு குறைவு என்பதால் வீட்டில் தானியம் குறைவு என்றாகாது.

இவற்றையெல்லாம் சொல்லித் தரும் கைகள் குறைந்து வருகின்றன. அலுமினியமும் எவர்சில்வரும் அடுப்பைப் பிடித்துக்கொண்டன. பல ஊர்களில் அச்சில் வார்க்கும் அகல் விளக்கும் பூந்தொட்டியுமே விற்கின்றன. அடிதட்டிக் குடம் மூடுவோர் முதியோராயினர். இளைஞரை நொந்து பயனில்லை. விற்காத குடத்தை எவர் வனைவார்?

மண்ணும் எளிதிற் கிடைப்பதில்லை. 2024இல் தமிழக அரசு, ஏரி குளங்களில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. வயலுக்கு வண்டல் வேண்டி மனுக் கொடுக்கும் உறுப்பினர்கள், தம் ஊர்க் குயவரை உடனழைத்துச் சென்று, பானைக்குரிய களி எந்தக் கரையோரம் கிடக்கிறதென்று கேட்டறிந்து, இயந்திரம் இறங்குமுன் அவ்விடத்தைக் குறித்து ஒதுக்கி வைக்க வேண்டுகிறோம்.