விதியைச் சொல்லும் எழுத்துக்களா?

எழுத்தென்பது கருத்தை அறிவிக்கும் கருவி என்பதே நம்மிற் பலரின் எண்ணம். பண்டை ஜேர்மானிய இனத்தாரோ தம் எழுத்துக்களை 'ரூன்' என அழைத்தனர். இரகசியம் என்பது அச்சொல்லின் பொருள். வேதத்தைக் குறிக்கும் நம் 'மறை' என்ற சொல்லை இது நினைவூட்டுகின்றது.

இன்று மேனாட்டுக் கடைகளிலே சிறு துணிப்பைகளில் 25 கற்களை இட்டு விற்கின்றனர். 24 கற்களில் ஒவ்வோர் எழுத்து. ஒன்று மட்டும் வெறுங்கல். மனத்திலே ஒரு வினாவை நினைந்து கல்லை எடுத்தால் வருவது தெரியுமாம். இது பண்டையோர் மரபென்றும் சொல்கின்றனர். பணத்தோடு நம்பிக்கையையும் கொடுத்து வாங்குவோர், இதிற் பழையது எது, புதியது எது என அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

வெறுங்கல்லின் கதையை முதலிற் கூறிவிடுவோம். 1982இல் றால்ஃப் புளும் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட நூலின் வாயிலாகவே அது பரவியது. பண்டையோர் அதனை அறியார். எழுதாத எழுத்தை எந்தக் கல்வெட்டிலே தேடுவது!

ஏனைய 24 எழுத்துக்களின் பழமை மெய்யானதே. சுவீடனின் கொத்லாந்துத் தீவிலே கிடைத்த கில்வர் கல்லில் அவை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 400. டென்மார்க்கிற் கிடைத்த சீப்பொன்றின் எழுத்து அதனினும் பழையது, கி.பி. 160 அளவினது. மரத்திலே கத்தியாற் கீறுவதற்கு ஏற்ப, வளைவுகளை விலக்கி, நிமிர்ந்த கோடுகளாலும் சாய்ந்த கோடுகளாலும் இவ்வெழுத்துக்களை அமைத்தனர்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயருண்டு. முதலெழுத்தாகிய 'ஃபெகு' கால்நடையையும் செல்வத்தையும் ஒருங்கே குறிக்கும். 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் எனவும் பொருள் கொள்ளும் தமிழருக்கு இதில் வியப்பில்லை. 'ஹகலஸ்' ஆலங்கட்டி மழை, 'ஈசா' பனிக்கட்டி, 'யேரா' நல்விளைவுள்ள ஆண்டு, 'கேபோ' கொடை. 'ஓதலா' என்பது பரம்பரைச் சொத்து; யாழ்ப்பாணத்தார் முதுசம் என்பார்களே, அதுதான். குளிர்நாட்டு உழவனின் அச்சமும் ஆசையும் இப்பெயர்களிலே தெரிகின்றன. இவற்றை விளக்கும் பழஞ்செய்யுள்கள் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் ஐஸ்லாந்திலும் கிறித்துவம் பரவிய பின்னர் எழுதப்பட்டவை. அவை பொருளைக் கூறுகின்றனவேயன்றி, எடுத்தவருக்கு இன்ன பலன் என்று கூறவில்லை.

அவ்வாறாயின் பண்டையோர் குறி பார்க்கவே இல்லையா? பார்த்தனர். கி.பி. 98 அளவில் றோம வரலாற்றாசிரியர் தசித்தசு அதனை விவரித்துள்ளார். கனிதரும் மரத்தின் கிளையொன்றைத் துண்டுகளாக்கி, அடையாளமிட்டு, வெண்துணியின்மேல் எறிவர். ஊர்க் கருமமாயின் பூசகரும், வீட்டுக் கருமமாயின் குடும்பத் தலைவனும் வானை நோக்கி வழிபட்டு, மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பலன் சொல்வர். தகாது என வந்துவிட்டால் அன்று அதே கருமத்தைப் பற்றி மீண்டும் கேட்பதில்லை. கோயிலிலே பூக்கட்டிப் பார்க்கும் நம்மவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. எனினும் அவ்வடையாளங்கள் ரூன் எழுத்துக்களே என்று தசித்தசு சொல்லவில்லை. பிற்காலத்தார் அவ்வாறு கொண்டனர்.

ரூன்களுக்கு மந்திர ஆற்றல் உண்டென்ற நம்பிக்கை மட்டும் ஆழமானது. ஓடின் என்னும் தெய்வம் ஒன்பது இரவுகள் மரத்திலே தொங்கித் தவமிருந்து அவற்றைப் பெற்றதாகப் பழங்கதை கூறும். ஐஸ்லாந்துக் கதையொன்றில் எகில் என்னும் கவிஞன் நோயுற்ற பெண்ணொருத்தியைக் காண்கிறான். அவளது படுக்கையிலே ரூன் கீறிய திமிங்கில எலும்பொன்று கிடக்கின்றது. அவளை விரும்பிய இளைஞனொருவன், எழுத்தறியாமல், பிழைபடக் கீறி வைத்தது அது. எகில் அவ்வெழுத்துக்களைச் சுரண்டி நெருப்பிலிட்டு, வேறு ரூன்களைக் கீறித் தலையணையின் கீழ் வைக்க, அவள் நலமடைகிறாள். அறியாதவன் ரூனைத் தொடலாகாது என்பதே எகிலின் எச்சரிக்கை. துணிப்பை விற்போர் இக்கதையைச் சொல்வதில்லை போலும்.

நோர்வேயின் பேர்கன் நகரிலே 1955இல் துறைமுகப் பகுதி தீக்கிரையானபின் நிலத்தை அகழ்ந்தபோது, ரூன் கீறிய பொருள்கள் அறுநூறுக்கு மேற் கிடைத்தன. அவற்றுட் பல சிறு மரக்குச்சிகள். மந்திரங்கள் சில இருந்தன. வணிகர் தம் மூட்டைகளிற் கட்டிய பெயர்ச் சீட்டுகள் இருந்தன. வேண்டுதல்களும் காதல் மொழிகளும் இருந்தன. ஒரு குச்சியிலே, கீடா என்னும் பெண் யாரோ ஒருவனை வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறாள்.