ஆளில்லாக் கடையும் அலைபேசிப் பணமும்

பொருள்களை அடுக்கி, விலைப்பலகையைத் தொங்கவிட்டு, பணம் போட ஓர் உண்டியலையும் வைத்துவிட்டு விற்பவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடும் கடையைத் தமிழ்நாட்டில் ஆளில்லாக் கடை என்றும் நேர்மைக் கடை என்றும் அழைக்கின்றனர். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பேருந்து நிலையத்தில் காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று ரோட்டரி சங்கத்தார் பல ஆண்டுகளாக இத்தகைய கடை ஒன்றை நடத்தி வருகின்றனர். அது ஒரு நாள் நினைவூட்டல். மிசோரம் மாநிலத்தின் செலிங் பகுதியிலோ இதுவே பிழைப்பு. அங்கு நெடுஞ்சாலையோர மூங்கில் குடில்களில் காய்கறியையும் பழங்களையும் வைத்துவிட்டு உழவர்கள் மலைச்சரிவு நிலங்களுக்குச் சென்றுவிடுகின்றனர்; கடையில் உட்கார ஒருவரை ஒதுக்கினால் வயலில் ஒரு கை குறையும் என்பதே அதன் காரணம்.

கோயில் நகரமான திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும்போது ஆளுள்ள கடைகளே நன்றாக ஓடும். மற்ற நாள்களிலோ நடப்பவர்கள் விட்டுவிட்டு வருவதால், 10 ரூபாய்க் கொய்யாவையும் வெள்ளரிப்பிஞ்சையும் விற்பதற்காக ஒருவர் பகல் முழுவதும் காத்திருப்பது கட்டுப்படியாகாது. ஆளில்லாக் கடைக்கு உரியவை அந்த நாள்களே. இத்தகைய கடைக்குச் சில்லறைத் தட்டுப்பாடு, உண்டியலையே தூக்கிச் சென்றுவிடும் அபாயம் என இரண்டு பழைய இடையூறுகள் உண்டு. இரண்டையும் அலைபேசிப் பணம் பெருமளவு நீக்குகிறது.

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நொடிகளில் பணம் செல்ல வழிசெய்யும் யுபிஐ என்னும் அமைப்பை இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கியது. பணம் பெறும் வணிகரிடம் பிடிக்கப்படும் கட்டணம் யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் நீக்கப்பட்டதால், 5 ரூபாய்க் கடலைமிட்டாய்க்குரிய தொகையும் குறையாமல் விற்றவருக்குச் சேர்கிறது. ஸ்கேன் செய்யப்படும் கியூஆர் குறியீடு, 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியதாகும். பிழைதிருத்தும் தகவலும் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், மிக உயர்ந்த திருத்த நிலையில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் அதைப் படித்துவிட முடியும். வெயிலிலும் மழையிலும் தொங்கும் சாலையோர அட்டைக்கு இது சிறிய நன்மையன்று.

அலைபேசிப் பணம் வந்தால் ஏமாற்றுவோர் அகப்பட்டுவிடுவர் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும், அது சரியன்று. பணம் செலுத்தியவரின் பெயரே விற்பவரின் கணக்கில் பதிவாகுமேயன்றி, செலுத்தாமல் பொருளை எடுத்துச் சென்றவரின் சுவடு எங்கும் பதிவதில்லை. ஆக, இம்முறை அடையாளம் காட்டுவது நேர்மையானவர்களை மட்டுமே. கடைகளில் வழக்கமாக ஒட்டப்படும் குறியீட்டில் பெறுபவரின் விவரம் மட்டும் இருப்பதால், எவ்வளவு தொகை என்பதையும் வாங்குபவரே இட வேண்டியுள்ளது. உண்டியலை நம்பிய காலத்தில் மனிதர்மேல் வைத்த நம்பிக்கை அப்படியே இன்றும் தேவைப்படுகிறது. இது குறையன்று, இத்தகைய கடையின் உயிரே அதுதான். வந்து சேர்ந்த தொகையை உரக்க அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் கருவியை வைத்தால் அருகிலுள்ளோர் காதிலும் அது விழும் என்பதால் சற்றுக் கூச்சம் பிறக்கலாம். ஆயினும், நம்பி வைத்த கடையில் அதட்டும் குரலாக அது ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

புதிய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. மற்றொரு கோயில் நகரமான மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் கடைகளின் குறியீடுகள்மீது இரவோடிரவாக வேறு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டதால், வாடிக்கையாளர் செலுத்திய பணம் மோசடிக்காரர் கணக்குக்குச் சென்றது. கல்லாவில் ஆள் இருந்த கடைகளுக்கே இந்த நிலை என்றால், ஆளில்லாக் கடைக்குக் காப்பு இன்னும் அவசியமாகிறது. ஸ்கேன் செய்ததும் திரையில் தோன்றும் பெயர் எதுவோ அதையே விலைப்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, "இந்தப் பெயர் வந்தால் மட்டும் பணம் அனுப்பவும்" என்று சேர்ப்பதும், குறியீட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் பொருத்துவதும் செலவில்லாத, அல்லது மிகக் குறைந்த செலவிலான வழிகள்.

அலைபேசிப் பணப் பரிமாற்றம் சில வேளைகளில் திணறும் என்பதும் கருதத்தக்கது. சிறு தொகையை முன்கூட்டியே செயலியில் ஒதுக்கி, ரகசிய எண் இல்லாமல் 1,000 ரூபாய் வரை செலுத்த உதவும் யுபிஐ லைட் வசதி வங்கிக் கணினிகளின் சுமையைக் குறைக்கிறது. எனினும் அலைபேசி இணைப்பே கிடைக்காதபோது அதுவும் பெரிதாக உதவாது. ஆகவே, உண்டியலை அகற்றிவிட்டுக் குறியீட்டை மட்டும் வைப்பது தவறான சிக்கனம். முந்தானையில் நாணயங்களை முடிந்துகொண்டு கிராமத்திலிருந்து வரும் மூதாட்டிக்கும் அந்தக் கொய்யாவை வாங்கும் உரிமை உண்டு. அவருக்காகப் பூட்டிய சிறு உண்டியல் ஒன்றைக் கல்தூணோடு சங்கிலியால் பிணைத்து வைத்து, மாலைதோறும் திறந்து எண்ணினால் போதும்.