இரு நகரங்களும் ஒரு நோயும்

வருமுன் காத்தலே அறிவுடைமை என்பது சான்றோர் கொள்கை. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவும் கொள்ளைநோயைத் தடுப்பதிலோ, தனியொருவர் மட்டுமன்றி ஊரார் அனைவருமே கடப்பாடு உடையவராவர். இவ்வுண்மையை 1918ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இரு நகரங்கள் உலகிற்கு உணர்த்தின.

முதல் உலகப் போர் முடிவுறும் தறுவாயில், இன்புளூயன்சா என்னும் கொடிய காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். அந்நோயைத் தோற்றுவிப்பது யாது என்பதை அந்நாளில் எவரும் தெளிவாக அறிந்திலர். மனிதரைத் தாக்கும் இன்புளூயன்சா வைரசு 1933ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டது. நோயைத் தடுக்கவல்ல ஊசிமருந்தும் அன்று இல்லை.

பிலடெல்பியா நகரில் நோய் தலைகாட்டிய சில நாள்களில், போர்க்கடன் திரட்டும்பொருட்டுப் பெரியதோர் ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. அதனை நிறுத்துதல் நலம் என மருத்துவர் சிலர் எச்சரித்தனர். அவர்தம் சொல் ஏறவில்லை. செப்டம்பர் 28ஆம் நாள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் தெருக்களில் நெருங்கி நின்றனர். சில நாள்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அதன் பின்னரே பள்ளிகளும் நாடக அரங்குகளும் மூடப்பட்டன. ஆறு வாரங்களுக்குள் பன்னிரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர்.

செயின்ட் லூயிஸ் நகரின் சுகாதார அதிகாரியாக மாக்ஸ் ஸ்டார்க்லாப் என்னும் மருத்துவர் விளங்கினார். அந்நகர மக்களிடையே நோய் தோன்றிய சில நாள்களுக்குள், அக்டோபர் முதல் வாரத்திலேயே, பள்ளிகளையும் அரங்குகளையும் வழிபாட்டிடங்களையும் மூடுவித்தார். மக்கள் கூட்டங்கூடுவதையும் தடுத்தார். வருவாய் குறையுமென வணிகர் வருந்தினர். ஆயினும் அவர் தளர்ந்திலர். நோய் உச்சமுற்ற வாரத்தில் அந்நகரின் இறப்பு விகிதம், பிலடெல்பியாவின் உச்ச விகிதத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகவே இருந்தது. நவம்பர்த் திங்களில் தடைகள் தளர்த்தப்பட்டபொழுது நோய் மீண்டும் தலைதூக்கிற்று. தடைகளும் மீண்டும் விதிக்கப்பட்டன.

சில நாள் தாமதம் இத்துணைப் பெரிய வேறுபாட்டை விளைவிப்பது எவ்வாறு? நோயுற்ற ஒருவர் இருவர்க்கும், அவ்விருவர் நால்வர்க்கும் நோயைத் தருவதாகக் கொண்டால், பத்தாம் படியில் மட்டும் 1,024 பேர் நோய்வாய்ப்படுவர். முதற்படியிலேயே ஒருவர் விலகியிருப்பாராயின், இச்சங்கிலி முழுவதும் அறுபடும். காலத்தாற் செய்யும் தடுப்பின் பெருமை இதுவே.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கோவிட் நோயை உலகப் பெருந்தொற்று எனக் குறிப்பிட்டது. அப்பொழுதும் தொடக்கத்தில் தடுப்பூசி இல்லாமையால், பழைய வழிகளே துணைபுரிந்தன. அவற்றின் காரணங்களை அறிந்து கைக்கொள்ளுதல் வேண்டும். இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் பேசும்பொழுதும் வெளிப்படும் நுண்துளிகளிலே வைரசு கலந்து வருகின்றது. ஆதலின் முகக்கவசம் அத்துளிகளைத் தடுக்கின்றது; திறந்த சன்னல் வழியே புகும் காற்று அவற்றைக் கலைக்கின்றது. இவ்வைரசின் புறத்தே கொழுப்பாலாகிய மெல்லிய உறை உண்டு. சோப்பு அவ்வுறையைச் சிதைத்துவிடும். ஆகவே இருபது விநாடியேனும் கைகளை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தடுப்பூசி, நோயை எதிர்க்கும் பயிற்சியை உடலுக்கு முன்கூட்டியே அளிக்கின்றது.

நோய்க்குறி தோன்றுமுன்னரே சிலர் பிறர்க்கு நோயைப் பரப்புதல் கூடும். வலிமை மிக்க இளைஞன் எளிதிற் பிழைத்துவிடலாம். அவனால் நோயுறும் முதியவர் பிழையாது போகலாம். ஆதலால் காய்ச்சல் கண்டவன் வீட்டில் தங்கியிருத்தல் கோழைமையன்று. முகமறியாத பலர்க்கும் அவன் செய்யும் உதவியாகும். தன்னைக் காப்பவன் ஊரையும் காக்கின்றான்.