கணினியில் கண்ட நிறம் கவரில் வருமா?

எங்கள் மிளகாய்த்தூளுக்குப் புதிய கவர் அடித்தோம். அச்சகத்தின் கணினித் திரையில் சிவப்பு பளிச்சென்றிருந்தது, சரி என்றோம். வந்ததோ செங்கல் நிறம். "இது போலிச் சரக்கா, அண்ணாச்சி?" என்றார்கள் கடைக்காரர்கள். பத்தாயிரம் கவர் வீணாயிற்று.

காரணம் இதுதான். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் நிறம் தருகிறது. திரையில் தெரியும் எல்லா நிறமும் மையில் வராது. தராசுக்கு முத்திரை வைப்பது போல, திரையையும் அளவுக் கருவி வைத்து அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். திரை, ஸ்கேனர், பிரிண்டர் ஒவ்வொன்றும் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்பதை அளந்து, 'புரொபைல்' என்னும் கோப்பாகப் பதிய வேண்டும்.

ஆகவே, திரையை மட்டும் நம்பாதீர்கள். மாதிரி அச்சு வாங்கி, பழைய கவருடன் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, கையெழுத்திட்ட பிறகே அச்சடிக்கச் சொல்லுங்கள்.