தொப்புட்கொடியும் இரத்தக் குழாயின் அகவணியும்

குழந்தை பிறந்ததும் தொப்புட்கொடி அறுக்கப்படுகின்றது. அதன்பின் அதனைக் கழிவென்றே யாவரும் கருதுவர். ஆயினும் மனிதனின் இரத்தக் குழாய்களைப் பற்றி இன்று அறியப்பட்டவற்றுட் பல அக்கொடியின் வாயிலாகவே பெறப்பட்டன.

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றைப் படையாய் அமைந்த மெல்லிய கலங்கள் போர்த்துள்ளன. இவ்வகவணி வெறும் உறையன்று, வாயிற்காவலுமாகும். வேண்டியவற்றை இழையங்களுக்கு விடுத்து, குருதியின் நீர்ப்பகுதி மிகையாக வெளியேறாது காக்கின்றது.

இக்கலங்களை உடலுக்குப் புறத்தே வளர்த்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. 1973ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் எரிக் யாஃபே என்பாரும் அவர்தம் குழுவினரும் இதற்கு வழிவகுத்தனர். கொடியின் நாளத்தைக் கழுவி, கொலாசினேசு என்னும் நொதியத்தை உட்செலுத்துவர். அது பிணைப்புப் புரதத்தைக் கரைக்கவே, கலங்கள் சுவரினின்று கழன்று வரும். அவற்றை ஊட்டநீருள்ள கிண்ணத்திலிட்டு, 37 பாகை செல்சியசில் வைப்பர். சில நாட்களில் அவை தளத்திற் பாவிய கற்கள்போல நெருங்கி நின்று, ஒன்றையொன்று தொட்டதும் பெருகுதலை நிறுத்தும். அவை அகவணிக் கலங்களே என்பதற்கு, வைபெல், பலாதே ஆகியோர் 1964இல் விவரித்த கோலுருச் சிறுமணிகள் சான்றாகும்.

இவ்வாய்வு நமக்கும் அணுக்கமானதே. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மலவிகே முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், டெங்கு நோயாளரின் இரத்தத் தெளிநீர் இத்தகைய கலங்கள்மீது இடப்பட்டது. கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் புரதம் குறைந்தது. படையின் இறுக்கம் தளர்ந்தது. குருதிச் சிறுதட்டுக்களைத் தூண்டும் ஒரு பொருளின் செயலைத் தடுத்தபோது அத்தளர்ச்சி தணிந்தது. நோயாளி சோர்ந்து வீழ்வதற்கான காரணம் இவ்வாறு கிண்ணத்திற் புலனாயிற்று: காவல் தளர, நீர் கசிகின்றது.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்கி, ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கும். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் நம்மவர் பிழைவிடும் இடமும் இதுவே. காய்ச்சல் விட்டது கண்டு, அரைப்பேராயினும் விழட்டுமென்று கொழுந்துக் கூடையுடன் மலையேறுவோர் உளர். உடல் குளிர்ந்தது குணமென்று கொள்ளப்படுகின்றது. ஓயாத வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர்க் குறைவு, மிகுந்த தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

லயங்களிலிருந்து வரும் நம் மாணவர் இவ்வுண்மையைத் தத்தம் இல்லங்களிற் கூறுவாராயின், அறையிற் கற்ற உயிரியல் ஓருயிரைக் காத்தலுங் கூடும்.